இரைச்சல் ஒன்று

“மைக் அருமையா இருக்குதுங்க மேடம். எங்கப்பா இருமறதும் அதுல அருமையாக் கேக்குது. அதாங்க பிரச்சினையே” என்றான் கோகுல்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கோயம்புத்தூரில் செவ்வொலி என்ற நிறுவனத்தில் அவள் ஒலிப் பொறியாளர். வாடிக்கையாளர்களோடு பேசுவது அவள் வேலையில்லை. ஆனால் உதவிப் பிரிவு கைவிரித்த அழைப்புகளைக் கருவியைச் செய்தவர்களே எடுத்துப் பேச வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அப்படி வந்து சேர்ந்தவன்தான் கோகுல். திருப்பூர்ப் பையன். திரையில் பார்த்தால் இருபத்தைந்து வயது சொல்லலாம். தலையில் ‘தனிக்குரல்’ மாட்டியிருந்தான்.

தனிக்குரல் என்பது அவளும் அவள் குழுவும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிச் செய்த ஹெட்செட். ஆன்லைனில் அணி அணியாகச் சேர்ந்து விளையாடுகிறவர்கள், ஆடிக்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கானது. அதற்கு முன்பு வந்த மைக்குகள் சத்தத்தைக் குறைத்தன. இது ஆளை அடையாளம் கண்டது. முதல் முறை மாட்டும்போது மாட்டிக்கொள்பவரின் குரலைக் கேட்டுப் பழகிக்கொள்ளும். அதற்கப்புறம் அந்த ஒரு குரலைத்தான் வெளியே விடும். மிக்ஸி ஓடுவது, நாய் குரைப்பது, பக்கத்து அறையில் நடக்கும் சண்டை எதுவும் மறுமுனைக்குப் போகாது. முழு அளவில் வைத்துவிட்டால் ஆடுகிறவரின் காதுக்கும் அவை வராது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று செய்தது, சீக்கிரமே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ரயிலில் போகிறவர்கள் என்று எல்லார் தலையிலும் ஏறிக்கொண்டது. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போன காலம் அது. அதை எல்லாரும் வசதி என்றார்கள்.

“டீம்ல கிண்டல் பண்றாங்க மேடம்” என்றான் கோகுல். “‘உங்க வீட்ல மோட்டார் ஓடுதா’ங்கறாங்க. கூடிய சீக்கிரம் லீக் ஆரம்பிக்குது. நாங்க ஆடறப்ப பேசறதையே நேரலைல போடுவாங்க. உலகமே எங்கப்பா இருமறதக் கேக்கோணுங்களா?”

“கேக்கக் கூடாதே. தானா வெட்டியிருக்கணுமே. இருங்க, பாக்கறேன்.”

அவனுடைய கருவிக்குள் அவளால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்பாவின் குரலையும் கருவி கோகுல் என்றே பல இடங்களில் எடுத்துக்கொண்டிருந்தது.

“உங்க குரலும் அப்பா குரலும் ஒரே சாடை. கருவி குழம்புது” என்றாள். “அப்பா வீட்ல இருந்தா கூப்பிடுங்க. அவரைக் கொஞ்சம் பேசவிட்டு, ‘இந்தக் குரல் வேண்டாம்’னு சொல்லிக் குடுத்துடலாம்.”

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, வேலையை விட்ட பிறகும் அவரை விடவில்லை. நாலு எட்டு நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. ஆனால் முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி மலர்ந்திருந்தது.

“நான் என்னங்க அம்மிணி பேசோணும்?”

“எது வேணும்னாலும் பேசுங்க ஐயா. வழக்கமாப் பேசற மாதிரி.”

“பேசறதுக்கு என்னங்க. மில்லுக்குள்ள மெஷின் சத்தத்துல பேசோணும்னா கத்தோணும். ஊட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். ஊட்டுக்காரி இருந்த வரைக்கும், ‘காதுக்குள்ளயா வந்து கத்துவீங்க’ன்னு வைவா. இப்ப வையறதுக்கும் ஆளில்ல. இந்தப் பையன் காதுல இதை மாட்டிக்கிட்டு உக்காந்துக்கறான்...” பேச்சை நிறுத்தி, திரையை உற்றுப் பார்த்தார். “இருமவும் வேணுங்களா?”

“கொஞ்சம் இருமினா நல்லதுதான் ஐயா.”

“அது கேக்காமயே வருமுங்க” என்று சிரித்தார். சிரிப்பே இருமலாகி, அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கோகுல் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். கருவி அந்த இருமலையும் பேச்சையும் சிரிப்பையும் வாங்கி, ‘இரைச்சல் 1’ என்று பெயரிட்டு வைத்துக்கொண்டது. பெயரிடும் அந்த முறை ஜெசிந்தா எழுதியதுதான்.

அடுத்து கோகுலின் குரல். “ஆடும்போது எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க” என்றாள். அவன் சற்று வெட்கப்பட்டு, பிறகு குரலை உயர்த்தினான். “லெஃப்ட்ல வர்றான், கவர் பண்ணு, கவர் பண்ணு, விடாத!” ஆளே மாறிவிட்ட மாதிரி இருந்தது. அணியில் அவன்தான் வழி சொல்கிறவன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் அளவை முழுதாக ஏற்றினாள். நாச்சிமுத்து மகனுக்குப் பின்னால் நின்றுகொண்டு எதையோ உரக்கச் சொன்னார். வாய் மட்டும் அசைந்தது. சத்தம் ஒரு துளிகூட வரவில்லை.

“வரலீங்களா? ஒண்ணுமே வரலீங்களா?” என்று கோகுல் குதித்தான்.

“வரல. ஆனா ஒண்ணு கோகுல், முழு அளவுல வச்சா அப்பா கூப்பிடறது உங்களுக்கும் கேக்காது. பரவாயில்லையா?”

“ஆடற நேரம் மட்டுந்தானுங்களே.”

பெரியவர் மைக்குக்கு அருகே குனிந்தார். அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. கோகுல்தான் எடுத்துச் சொன்னான்: “வச்சே குடுத்துருங்கங்கறாரு. பையன் நல்லா ஆடட்டுமாம்.”

*

லீக் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பிற்பகல், பிரிவுத் தலைவர் வித்யாசாகர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“திருப்பூர்ல ஒரு பெரியவர் இறந்துட்டார் ஜெசி. பையன் உள்ள மேட்ச் ஆடிட்டிருந்திருக்கான். இவர் முன்னறைல மூச்சு முட்டிக் கிடந்திருக்கார். மேட்ச் முடிஞ்சு வெளிய வந்துதான் பையன் பாத்திருக்கான். சீக்கிரம் கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம்.”

அவள் பெயரைக் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

“பெரியவரோட மக பூங்கொடின்னு, தாராபுரத்துல கூட்டுறவு வங்கியில வேலை. அவங்கதான் புகார் குடுத்திருக்காங்க. ‘அப்பா கூப்பிட்டது தம்பிக்குக் கேக்கல, உங்க கருவி கேக்கவிடல’ன்னு. ஹெட்செட்டையும் அனுப்பி வச்சுட்டாங்க. அடுத்த வாரம் நேர்ல வர்றாங்க. நாம பதில் வச்சிருக்கணும்.” வித்யாசாகர் சற்றுத் தயங்கினார். “செட் பண்ணிக் குடுத்தது நீதானாமே.”

“ஆமா சார்.”

அன்றைக்கு அவளால் வேலை பார்க்க முடியவில்லை. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவர்கள் பேச்சு காதில் விழுந்தாலும் உள்ளே போகவில்லை. சத்தமில்லாமல் அசைந்த அந்த வாய்தான் கண்ணுக்குள் நின்றது. இருமச் சொன்னதும் அவள்தான். மகள், மருமகள் என்று யாராவது இன்னொருவர் அந்த வீட்டில் இருக்கிறார்களா என்றுகூட அவள் கேட்கவில்லை. மைக் சரி செய்ய அதெல்லாம் எதற்கு என்றுதான் அன்று நினைத்திருப்பாள். நினைத்தது கூட ஞாபகமில்லை.

தனிக்குரல் வெட்டி எறிகிற சத்தம் உடனே அழிந்துவிடாது. தவறாக வெட்டிவிட்டதாக யாராவது சொன்னால் திருத்துவதற்காக, கொஞ்ச காலம் கருவிக்குள்ளேயே கிடக்கும். அலுவலகத்தில் அதைக் ‘கழிவு’ என்பார்கள். மறுநாள் ஜெசிந்தா ஒலி புகாத அறைக்குள் போய், கோகுலின் ஹெட்செட்டைத் திறந்தாள்.

முதலில் வெளியே போன குரலைக் கேட்டாள். ஆட்டக் குரல். வேகம், கத்தல், வெற்றிச் சிரிப்பு. அதில் எந்தக் குறையுமில்லை. பிறகு கழிவைப் போட்டாள்.

நாற்காலி தரையில் உராயும் சத்தம். இருமல். “கண்ணு...” அவர் மில்லில் கத்திப் பழகிய குரல், பாதியாகத் தேய்ந்திருந்தது. “கண்ணு, இங்க வா.” மறுபடி இருமல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது இன்னொன்று கேட்டது.

“இருப்பா. இதா வந்தர்றேன்.”

அவள் கண் திறந்தாள். கருவி அதையும் இரைச்சல் ஒன்று என்றுதான் குறித்திருந்தது. பெரியவரின் குரல்தான் என்று அவளும் ஒரு கணம் நினைத்தாள். தணிந்த குரல், சற்றே இழுத்த பேச்சு. பின்னோட்டிக் கேட்டாள். கொஞ்சம் தள்ளி அதே சொல் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை சலிப்போடு. “இருப்பா!”

வித்யாசாகரை அழைத்துக் கேட்கச் செய்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றியதும் முகம் தெளிந்திருந்தது.

“இது பையன்தானே?”

“அப்படித்தான் நினைக்கறேன் சார்.”

“முழு அளவுல வச்சா காதுக்கே வராதே, எப்படிக் கேட்டுது?”

“ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால தள்ளிவிட்டிருப்பான். வேர்க்குதுன்னு நிறைய பேர் அப்படித்தான் போடறாங்க. கருவிக்கு அது தெரியாது. அந்தக் காதுல நேராவே விழுந்திருக்கும்.”

“சரி, அவன் குரலையே ஏன் வெட்டிச்சு?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். “நான் அவனை ஆடற மாதிரி பேசச் சொல்லித்தான் பழக்கினேன். கருவிக்குத் தெரிஞ்ச கோகுல் கத்தற கோகுல் மட்டும்தான். வீட்டுல பேசற கோகுல் அப்பா மாதிரி பேசறான். அப்பாவை வெட்டச் சொல்லி வச்சிருந்தோம்.”

வித்யாசாகர் அந்தப் பதிலில் அதிகம் நிற்கவில்லை. “பையனுக்குக் கேட்டிருக்கு. கேட்டும் எந்திரிக்கல. அவ்வளவுதான். நம்ம மேல பழி இல்ல ஜெசி. நீ வீணா ஏன் வாடற?” என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று மதியம் அவளுக்குப் பசித்தது. செய்தி வந்த நாளிலிருந்து முதல் முறையாக ருசித்துச் சாப்பிட்டாள். பாதிச் சோற்றில் தான் எதற்காக இப்படி நிம்மதியாகச் சாப்பிடுகிறோம் என்று உறைத்தது. எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

சந்திப்புக்கு முதல் நாள் அவள் கழிவை மறுபடி கேட்டாள். நினைக்கிறேன் என்று சொன்னதை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது “இருப்பா”வுக்கு அடியில், மிக மெல்லியதாக, ஓர் இருமல் ஓடியது. கூர்ந்து கேட்டாலொழியத் தெரியாது. இருமிக்கொண்டே ஒரு வாய் பேச முடியாது. அந்த நொடியில் அந்த வீட்டில் இரண்டு வாய்கள் இருந்தன. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் அப்போது எடுத்துக்காட்டலாம் என்று வைத்துக்கொண்டாள்.

*

பூங்கொடி தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். முப்பதைத் தாண்டிய பெண். வங்கிக்குப் போவது போலவே மடிப்புக் கலையாத சேலையில் வந்து, கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோகுல் இளைத்திருந்தான். ஜெசிந்தாவைப் பார்த்ததும் ஒரு முறை தலையசைத்துவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு உங்க டெக்னிக்கெல்லாம் தெரியாதுங்க” என்று பூங்கொடியே தொடங்கினாள். “ஒண்ணு மட்டும் சொல்றேன். இவன் டீம்ல தர்ஷினின்னு யாழ்ப்பாணத்துப் புள்ள ஒண்ணு இருக்குது. காரியத்தன்னைக்குப் போன் பண்ணி அப்படி அழுதுச்சு. முன்னயெல்லாம் அப்பா இருமறது அவங்களுக்குக் கேக்குமாமா. இவன் எந்திரிக்கலைன்னா, ‘அண்ணா, அப்பா கூப்பிடுறார், போய்ப் பாத்துட்டு வாங்கோ, நாங்க சமாளிக்கிறம்’னு அந்தப் புள்ளதான் தொரத்துமாமா. கிண்டல் பண்றவனும் அப்பக் கம்முனு இருப்பானாமா. நீங்க ஹெட்செட்டச் சரி பண்ணிக் குடுத்த பொறவு அப்பா சத்தமே இல்லையாமா. ‘அப்பா சுகமாயிட்டார்னு நினைச்சன் அக்கா’ங்குது. நான் என்னங்க சொல்ல அதுகிட்ட?”

இதை ஜெசிந்தா யோசித்திருக்கவில்லை. கோகுலின் ஒரு காது திறந்திருந்தது உண்மை. ஆனால் அவனை எழுப்பி விடக்கூடிய மற்ற காதுகளையெல்லாம் அடைத்தது யார்?

வித்யாசாகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கெட்டவர் அல்ல அவர், வருத்தத்தோடுதான் பேசினார். “அம்மா, உங்க இழப்பு எங்களுக்குப் புரியுது. ஆனா ஒரு விஷயத்தை நீங்க கேக்கணும். வெட்டின சத்தம் கருவிக்குள்ள இருந்தது. உங்க தம்பிக்கு அப்பா கூப்பிட்டது கேட்டிருக்கு. பதிலும் சொல்லியிருக்கார்.”

கோகுலின் தலை இன்னும் தாழ்ந்தது. வித்யாசாகர் பொத்தானை அழுத்தினார்.

கண்ணு. இருமல். கண்ணு, இங்க வா. இருப்பா, இதா வந்தர்றேன்.

பூங்கொடியின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. “இன்னொருக்காப் போடுங்க” என்றாள். போட்டார். அவள் கேட்டுக்கொண்டே மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்தாள். பிறகு வித்யாசாகர் பக்கம் திரும்பினாள்.

“இது எங்கப்பாங்க.”

“எதும்மா?”

“இருப்பான்னு சொல்றதும் எங்கப்பாதான்.”

“இல்லம்மா, ‘இருப்பா’ன்னா அப்பாகிட்டச் சொல்றதுதானே? அவரே அவரை ‘இருப்பா’ன்னு...”

“எங்கப்பாவுக்கு எல்லாருமே ‘ப்பா’தானுங்க. எங்கம்மாவக் கூட அப்படித்தான் சொல்லுவாரு. கடை கண்ணிக்குக் கெளம்பறப்ப அம்மா வாசல்ல நின்னு அவசரப்படுத்தும். ‘இருப்பா, இதா வந்தர்றேன்’ம்பாரு.” அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “போய்ச் சேந்த அம்மா வந்து கூப்பிட்டிருக்குமாட்ட இருக்குது. அதுக்குத்தான் பதில் சொல்லியிருக்காரு.”

“அக்கா...” என்று கோகுல் வாயெடுத்தான். “நீ தண்ணியக் குடி” என்று பூங்கொடி பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

வித்யாசாகர் ஜெசிந்தாவைப் பார்த்தார். “ஜெசி, நீதானே ஆராய்ஞ்சது. சொல்லு. இது யார் குரல்?”

மேசைக்கு அந்தப் பக்கம் அக்காவும் தம்பியும் அவளைப் பார்த்தார்கள். பூங்கொடியின் பார்வையில் கெஞ்சல் இல்லை. கோகுலின் பார்வையில் என்ன இருந்தது என்று ஜெசிந்தாவால் அப்போது படிக்க முடியவில்லை. அந்த இருமலைச் சொன்னால் போதும். இரண்டு வாய். கணக்கு தீர்ந்துவிடும். அவளும் அவள் கருவியும் பழியிலிருந்து தப்பிவிடலாம்.

“கருவி அதை இரைச்சல் ஒண்ணுன்னுதான் குறிச்சிருக்கு சார்” என்றாள். “அதாவது அப்பா குரல்னு.”

“கருவி தப்பாக் குறிச்சிருக்கலாம் இல்லையா?”

“தப்பாக் குறிக்கும்னு நாமளே சொல்லலாமா சார்? மாட்டியிருக்கறவர் குரலை ஒருநாளும் தவறவிடாதுன்னு பெட்டி மேலயே போட்டிருக்கோம்.”

வித்யாசாகர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

போகும்போது லிஃப்ட் வரை ஜெசிந்தா கூடவே நடந்தாள். கோகுல் படியில் இறங்கிப் போய்விட்டான். பூங்கொடி லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே கேட்டாள். “உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?”

“தெரியும்.”

“இவன் மூஞ்சியப் பாத்ததுமே எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அந்த நிமிசம் வரைக்கும் கேக்கலைன்னுதான் நம்பிட்டிருந்தேன்.” பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அப்பா போயிட்டாரு. இவனையும் எங்காச்சும் போயித் தேடற மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேங்க. அதான் வாய்ல வந்ததச் சொல்லீட்டேன். சொல்லீட்டேனே ஒழிய...” முடிக்கவில்லை. லிஃப்ட் வந்தது. ஏறிக்கொண்டாள்.

*

நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. முழு அளவு என்ற வசதியே தனிக்குரலிலிருந்து எடுக்கப்பட்டது. கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு வேறொரு நிறுவனம் அதே வசதியோடு ஒரு ஹெட்செட்டைக் கொண்டுவந்ததும் அடங்கிவிட்டது. ஜெசிந்தாவை வண்டிகளுக்கு எச்சரிக்கை ஒலி செய்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். வித்யாசாகர் வழியில் பார்த்தால் புன்னகைப்பார், நிற்கமாட்டார்.

தான் செய்தது சரியா என்று அவள் அடிக்கடி யோசித்தாள். சரி என்று தோன்றிய நாள்கள்தான் அதிகம்.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியிருந்தது. ஒரு நாள் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“மேடம், கோகுலுங்க. திருப்பூர்.”

பின்னால் தையல் எந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. பனியன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். விளையாட்டை விட்டுவிட்டானாம். அவள் நலம் விசாரித்தாள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

“நல்லா இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமையானா வந்து வீட்டக் கூட்டி, சோறாக்கி வச்சுட்டுப் போகுது. ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க எங்கிட்ட. திட்டினதும் இல்ல.” எந்திரச் சத்தம் தேய்ந்தது. எங்கோ ஓரமாக நகர்ந்து வந்திருக்க வேண்டும். “அக்கா அன்னைக்குச் சொன்னது இப்ப சொந்தக்காரங்க பூராத்துக்கும் பரவிருச்சுங்க மேடம். யாரு வீட்டு விசேசத்துக்குப் போனாலும் அதுதான் பேச்சு. ‘சாகறப்ப சம்சாரம் வந்து கூப்பிட்டிருக்கா, எந்தப் புண்ணியவானுக்கு இந்தக் குடுப்பினை’ங்கறாங்க. நேத்து எங்க பெரியப்பா என் கையப் புடிச்சுக்கிட்டு அதச் சொல்லியே அழுதாரு. நானும் கூட நின்னு அழுவறேன். என்னன்னு அழுவறதுன்னே தெரியலீங்க.”

அவள் டீயை நகர்த்தி வைத்தாள்.

“உங்களுக்குத் தெரியுமுங்களா மேடம், அது யாருன்னு? நெஜமாவே தெரியுமுங்களா?”

“தெரியும் கோகுல். உங்க குரலுக்கு அடியில அப்பா இருமறதும் கேட்டுது. ரெண்டும் ஒரே நேரத்துல.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்ல மனசு வரல.”

“யாருக்குமே மனசு வரலீங்க” என்றான். கோபம் இல்லை அந்தக் குரலில். “என்னைய ஒரு ஆளாவது சொல்லோணுமுங்க. ஒரே ஒருக்கா. வாயத் தொறந்து சொல்லுங்க மேடம். அது யாரு?”

கேன்டீனில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அன்று சந்திப்பில் அவன் பார்வையில் இருந்தது இதுதானா என்று இப்போது நினைத்தாள்.

“அது நீங்கதான் கோகுல்.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. நீளமான மூச்சு. வெகு நாளாக உள்ளே வைத்திருந்தது போல.

“அப்புறம் என்ன சொன்னாருங்க அப்பா?”

“எப்போ?”

“ரெண்டாவது தடவ சொன்னேனில்ல, இருப்பான்னு. சொல்லீட்டு நான் அந்தப் பக்கத்தையும் காதுல இழுத்து மாட்டிக்கிட்டேன். முக்கியமான கட்டம்... அப்புறம் எனக்கு ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் அவரு என்ன சொன்னாரு?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். நிம்மதியாக அடங்கிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். அவன் சொந்தக்காரர்களிடம் இருக்கிற கதையோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். நாக்கு நுனி வரை வந்தது.

“கூப்பிட்டார்” என்றாள். “கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். கோபமா இல்ல. உங்களைத்தான் கூப்பிட்டார். கண்ணுன்னு.”

மறுமுனையில் ஒன்றுமே வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். எதையும் மறைக்காத அழுகை. நடு நடுவே மூக்கை உறிஞ்சினான். யாரோ வந்து என்னாச்சு என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. பின்னால் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் அவளுக்குக் கேட்டது.

“வச்சறாதீங்க மேடம்” என்றான்.

“வைக்கல. இருக்கேன் கோகுல். சொல்லுங்க.”